சிறிய பாய்மரப் படகில் ஆழமானியும் வேகமானியும்: பொருத்துவதும் ஒன்றாக இணைப்பதும்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே கிடக்கும் சோலண்ட் நீரிணை, புதிதாகப் படகோட்டக் கற்றுக்கொள்பவர்கள் பெருமளவில் கூடும் இடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதன் மேற்கு வாயிலான ஹர்ஸ்ட் முனையில் கடலேற்ற இறக்கத்தால் எழும் ஓத நீரோட்டம் 4 நாட், அதாவது மணிக்கு 4 கடல் மைல் வேகத்துக்கு மேல் ஓடும். சவுத்தாம்ப்டன் நீர்ப்பகுதியின் வாயிலுக்கு எதிரே உள்ள பிராம்பிள் மணல்திட்டு, கடல் மிகவும் வடியும் பெரிய வற்றத்தின்போது நீருக்கு வெளியே தலைகாட்டும். இத்தகைய இடத்தில் 7 அல்லது 8 மீட்டர் நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியவருக்கு, கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கும்போது ஆழமானியும் வேகமானியும் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. ஜி.பி.எஸ். காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். நீரைப் பொறுத்துப் படகு எவ்வளவு வேகமாகப் போகிறது, அதன் அடியில் இன்னும் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற இரண்டையும் அது சொல்லாது. 4 நாட் வேகத்தில் செல்லக்கூடிய படகு, 4 நாட் எதிர்நீரோட்டத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது பாய்களைச் சரியாக வைத்திருக்கிறோமா என்பதை நீர்வேகம் மட்டுமே காட்டும்.

இந்தக் கட்டுரை, நடுவில் துடுப்பைப் போலக் கீழிறங்கும் ஏராக்கட்டை கொண்ட ஃபைபர் படகை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஆங்கிலத்தில் கீல் என்று வழங்கும் அந்தப் பகுதியை இனி ஏரா என்றே குறிப்பிடுகிறேன். வேறு வகைப் படகுகளுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கருவிகள் வேலை செய்யும் விதம்

ஆழ உணரிக்குள் ஒரு சிறிய பீசோ பீங்கான் வட்டு இருக்கிறது. மின்துடிப்பு பட்டதும் அது அதிர்ந்து, மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில், பெரும்பாலும் 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, ஒலியை நீருக்குள் அனுப்புகிறது. கடலடியில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அதே வட்டு வாங்கிக்கொள்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு 13 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். ஒலி காற்றைக் கடக்கும்போது பெரும்பகுதி சிதறிப்போகும் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆழமானி தொடர்பான கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு, உணரிக்கும் நீருக்கும் இடையே எங்கோ காற்றுக்குமிழ் புகுந்திருப்பதே காரணம்.

வேக உணரி இன்னும் எளிமையானது. படகின் அடியிலிருந்து சிறிதே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புச் சக்கரம், நீர் ஓடும்போது சுழலும். அதில் பதித்த காந்தங்கள் கடக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள உணரி ஒரு துடிப்பை எழுப்பும். உணரிகளைத் தயாரிக்கும் ஏர்மார் நிறுவனத்தின் துடுப்புச் சக்கரங்கள் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 20,000 துடிப்புகள் தருகின்றன. அதாவது ஒரு நாட் வேகத்துக்கு விநாடிக்கு ஐந்தரைத் துடிப்பு. சக்கரத்தில் பாசியோ, கொட்டலசு என்னும் ஓட்டுடைய சிறு கடலுயிரோ ஒட்டிக்கொண்டால் துடிப்பு குறைந்து, கருவி வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

ஒரு துளையா, இரண்டா?

ஆழம், வேகம், நீரின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒரே கூட்டில் அளக்கும் கூட்டு உணரிகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. ஏர்மாரின் டி.எஸ்.டி. 800, டி.எஸ்.டி. 810 ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவற்றுக்கு 51 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை போதும். படகின் அடியில் போடும் துளை குறையக் குறைய நல்லது என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதையே முதல் தேர்வாகச் சொல்வேன்.

இதில் ஒரு குறை உண்டு. சக்கரத்தைச் சுத்தம் செய்ய உணரியை வெளியே இழுக்கும்போது ஆழமானியும் சேர்ந்து போய்விடும். பாசி விரைவாகப் பிடிக்கும் துறைமுகத்தில் படகைக் கட்டி வைப்பவர்கள், உணரியைக் கழற்றி, அதன் இடத்தில் துளையை அடைக்கும் மூடியைப் போட்டுவிட்டே வீடு திரும்புவார்கள். மறுமுறை புறப்படும் அவசரத்தில் அதை மாற்ற மறந்தால், ஆழம் குறைந்த வாயிலை ஆழமானி இல்லாமலே கடக்க நேரிடும். இதைத் தவிர்க்க விரும்பினால், வேகத்துக்கு மட்டும் துளை போட்டு, ஆழ உணரியைப் படகின் உட்புறத்தில் வைக்கலாம். திண்மையான ஃபைபர் அடிப்பகுதியை ஒலி கடந்து செல்லும் என்பதால் இது நடக்கும். நுரையோ பால்சா மரமோ நடுவில் வைத்த அடுக்கு ஃபைபர், மரம், உலோகம் ஆகியவற்றின் வழியே இது ஒத்துவராது. உள்ளே வைக்கும்போது அளக்கக்கூடிய அதிகபட்ச ஆழம் சிறிது குறையும். கரையோரப் பயணத்துக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டல்ல.

உட்புறம் வைப்பதாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் படகு நீரில் மிதக்கும்போதே சோதிக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பி, உணரியை அதற்குள் விட்டு வாயைக் கட்டி, அடிப்பகுதியையும் சிறிது நனைத்து அதன்மேல் அழுத்திப் பிடித்தால், அந்த இடத்தில் ஒலி கடக்கிறதா என்பது உடனே தெரியும். ஃபைபர் அடுக்குகளுக்குள் காற்று சிக்கிய இடங்களில் அளவு வராது. சில அங்குலம் நகர்த்தினால் வரக்கூடும்.

இடம் தேர்ந்தெடுத்தல்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிடத் தகுந்தது இந்தப் படிதான். ஏனென்றால் மற்றவற்றைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். தவறான இடத்தில் போட்ட துளையைத் திருத்த, அதை அடைத்துவிட்டு இன்னொன்று போட வேண்டும்.

ஏரா கொண்ட படகில் உணரிக்கு உரிய இடம், ஏராவின் முன்விளிம்புக்கு 30 முதல் 60 செ.மீ. முன்னால், நடுக்கோட்டிலோ அதற்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கேயோ. படகின் முன்முனையான அணியத்தை நோக்கி அதிகம் தள்ளிப்போனால், அலையில் படகு எழும்பும்போது உணரி நீரைவிட்டு வெளியே வந்துவிடும். பின்னால் போகப் போக, படகின் மேற்பரப்பை ஒட்டி மெதுவாக நகரும் நீர்ப்படலம் தடித்துக்கொண்டே வருவதால் வேகம் குறைந்து தெரியும். ஏராவுக்கு மிக அருகில் வைத்தால், அதைச் சுற்றி வளையும் நீர் இயல்புக்கு மாறான வேகத்தில் ஓடும். ஏராவுக்குப் பின்னால், நீர் உள்ளிழுக்கும் துளைகளுக்குப் பின்னால், உந்துவிசிறிக்கு அருகில் என்னும் மூன்றும் விலக்க வேண்டிய இடங்கள். முழுநீள ஏரா உள்ள பழைய வகைப் படகுகளில், நடுப்பகுதியில், ஏராவிலிருந்து விலகி, அடிப்பகுதியின் சரிவு மிகக் குறைவாக இருக்கும் இடத்தைத் தேட வேண்டும்.

சாய்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாய்மரப் படகு காற்றில் 20 டிகிரி சாய்ந்து ஓடுவது வழக்கம். நடுக்கோட்டிலிருந்து விலகி வைத்த உணரி, ஒரு பக்கம் சாயும்போது மேலெழும்பியும் மறுபக்கம் சாயும்போது ஆழ்ந்தும் போவதால், வலப்புறக் காற்றிலும் இடப்புறக் காற்றிலும் வெவ்வேறு வேகங்களைக் காட்டும்.

வெளியே இருந்து பார்க்கும்போது அருமையாகத் தோன்றும் இடத்துக்கு நேர் உள்ளே, தண்ணீர்த் தொட்டியோ கட்டில் பலகையின் தாங்கியோ இருக்கக்கூடும். உணரியை மேல்நோக்கி முழுமையாக இழுத்தெடுக்கவும், மூடியைச் சொருகக் கை நுழையவும் உள்ளே இடம் இருந்தே ஆக வேண்டும். கிரேன் படகைத் தூக்கும்போது அடியில் வரும் பட்டைகள் சக்கரத்தை நசுக்காத இடமா என்பதையும் பார்த்து, பட்டை வர வேண்டிய இடங்களைப் படகின் மேல்விளிம்பில் குறித்துவைப்பது நல்லது.

துளையில் பொருத்தி உணரியைத் தாங்கும் கூட்டின் பொருளும் படகைப் பொறுத்தது. ஃபைபர் படகுக்குப் பிளாஸ்டிக் கூடு போதும். மரப்படகில் பலகை நீரில் ஊறிப் பருத்துப் பிளாஸ்டிக்கை உடைத்துவிடக்கூடும் என்பதால் வெண்கலக் கூடு வேண்டும். அலுமினியப் படகில் வெண்கலத்தை வைக்கவே கூடாது. கடல்நீரில் அந்த இரண்டு உலோகங்களும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

துளையிட்டுப் பொருத்துதல்

படகு கரையில் தாங்கிகளின்மேல் உறுதியாக நிற்கும்போது மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும். துளை போடுவதற்கு முன், வாங்கிய உணரி, திரை, கேபிள் அனைத்தையும் மேசைமேல் வைத்து இணைத்துப் பாருங்கள். சக்கரத்தை விரலால் சுழற்றினால் திரையில் வேகம் எழ வேண்டும். காற்றில் ஆழம் காட்டாது என்பதால் அதை அப்போது எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் உள்ளிருந்து 3 மி.மீ. துளை ஒன்றைச் செங்குத்தாகப் போட்டு, வெளியே வந்து அது நினைத்த இடத்தில் வந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். வரவில்லை என்றால் அந்தச் சிறு துளையை எபாக்சியால் அடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவது எளிது. இடம் சரியென்று உறுதியான பின், வெளியிலிருந்து வட்ட வெட்டி கொண்டு முழுத் துளையை வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டால் மேற்பூச்சு பெயராது. ஃபைபர் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். ஈரத்தரையில் மின்கம்பி இழுத்து வேலை செய்வதைவிடப் பேட்டரித் துளைக்கருவியே பாதுகாப்பு.

வெட்டி எடுத்த வட்டத் துண்டை எறிந்துவிடக் கூடாது. அடிப்பகுதியின் தடிமனும், அது திண்மையான ஃபைபரா அடுக்கு ஃபைபரா என்பதும் அதில் தெரியும். அடுக்காக இருந்தால் வேலை கூடுகிறது. வெளித்தோலில் 51 மி.மீ. துளையை அப்படியே விட்டு, உள்தோலையும் நடு அடுக்கையும் 10 மி.மீ. அளவு கூடுதலாக அகற்றி, அந்த இடைவெளியை எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் மறுபடி 51 மி.மீ. அளவுக்கு வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், நீர் ஒருநாள் நடு அடுக்கில் ஊறும். நட்டை இறுக்கும்போது அந்த அடுக்கு நசுங்கவும் செய்யும்.

துளையைச் சுற்றி உள்ளும் புறமும் மணல்தாளால் தேய்த்து, தூசியும் எண்ணெய்ப்பசையும் போகத் துடைத்து, கூட்டின் விளிம்பிலும் கழுத்திலும் கடல்நீருக்கு உரிய சீலண்ட்டை 2 மி.மீ. தடிமனுக்குத் தடவ வேண்டும். பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாதது என்று குழாயில் குறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். குளியலறை சிலிக்கோன் இதற்கு உதவாது. கூட்டை வெளியிலிருந்து சொருகி, அதன்மேல் உள்ள அம்புக்குறி நடுக்கோட்டுக்கு இணையாக அணியத்தை நோக்கியிருக்குமாறு ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே நட்டைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பேனர் போட்டால் கூடு விரிசல் விடும். வெளியே பிதுங்கி வரும் சீலண்ட்டை வழித்து, நீர் தடையின்றி ஓடும்படி வழவழப்பாக்கி, குழாயில் சொன்ன காலம் முழுவதும் இறுக விட வேண்டும்.

பாசித் தடுப்பு பெயிண்ட்டை உணரியின்மேல் பூசுவதானால் நீரில் கரையும் வகையை மட்டுமே பயன்படுத்தலாம். அசிட்டோன் போன்ற கரைப்பான் உள்ளவை பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். உணரியின் ரப்பர் வளையங்களுக்கு உடன் தந்த சிலிக்கோன் கிரீஸைத் தடவி, அதைக் கூட்டுக்குள் விட்டு, அதன் மேலுள்ள திருகுமூடியை இறுக்கி, பாதுகாப்புக் கம்பியையும் கட்டிவிட வேண்டும்.

படகை நீரில் இறக்கும் நாளில், நீங்கள் உள்ளே சென்று கசிவைப் பார்த்து முடிக்கும் வரை, கிரேன் பட்டைகளைக் கழற்றாமல் படகை அவற்றிலேயே நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். சீரான வேலைக்குப் பழகிய கிரேன்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அடுத்த ஒரு நாள் முழுவதும் இடையிடையே பார்க்க வேண்டும். மெல்லிய கசிவு உடனே கண்ணில் படாது.

கேபிளும் இணைப்பும்

தனித்தனி உணரிகளைப் பழைய முறையில் இணைப்பதா, எல்லாவற்றையும் ஒரே பிணையத்தில் சேர்ப்பதா என்பது படகில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளைப் பொறுத்தது. படகுக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் தரமுறைகளில் பழையதான என்.எம்.இ.ஏ. 0183, விநாடிக்கு 4,800 பிட் வேகத்தில் எழுத்து வரிகளாகத் தகவல் அனுப்புகிறது. அதில் ஒரு கம்பியில் ஒரு கருவிதான் பேசலாம். கேட்பவை பல இருக்கலாம். ஆழமானி, வேகமானி ஆகிய இரண்டின் வெளியீட்டுக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கித் திரைக்குக் கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, எதுவுமே விளங்காமல் போகும். இவற்றைச் சேர்க்க மல்டிபிளெக்சர் என்ற சிறு பெட்டி தேவை. அது இரண்டையும் தனித்தனியாக வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி அனுப்பும்.

புதிதாக எல்லாவற்றையும் வாங்குபவர் என்.எம்.இ.ஏ. 2000 முறைக்கே போகலாம். இது கார்களில் உள்ள கேன் என்ற தகவல் பிணையத்தை அடிப்படையாகக் கொண்டு, விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இயங்குகிறது. படகின் நீளவாட்டில் ஒரு பிரதான கேபிள் ஓடும். அதில் டி வடிவ இணைப்பிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிளைக் கேபிள் ஒரு கருவிக்குச் செல்லும். கிளை 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. உணரி தொலைவில் இருந்தால் கிளையை நீட்டாமல் பிரதான கேபிளை அதன் அருகே கொண்டுவர வேண்டும். பிரதான கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் என்னும் 120 ஓம் முனைத்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரம் ஓர் இடத்திலிருந்து, உரிய ஃப்யூஸ் வழியாக, பிணையத்துக்குள் வர வேண்டும்.

இந்தப் பிணையம் வேலை செய்யாதபோது முதலில் செய்ய வேண்டிய சோதனை மிகவும் எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு தகவல் கம்பிகளுக்கும் இடையே மல்டிமீட்டரால் தடையை அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு டெர்மினேட்டர் இல்லை அல்லது நடுவில் இணைப்பு விட்டிருக்கிறது. 40 வந்தால் மூன்றாவதாக ஒன்று எங்கோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எந்த முறையானாலும், ஆழ உணரியின் கேபிளை இயந்திரத்தின் மின்கம்பிகளிலிருந்தும் வானொலியின் ஆன்டெனா கம்பியிலிருந்தும் விலக்கியே கொண்டுசெல்ல வேண்டும். தகவலாக மாற்றாமல் எதிரொலியை அப்படியே அனுப்பும் சாதாரண உணரிகளின் கேபிளை வெட்டி ஒட்டக் கூடாது. நீளம் மிஞ்சினால் மடித்துக் கட்டிவைக்கலாம்.

ஆழத்தைத் திருத்துதல்

உணரி அளப்பது தன் முகத்திலிருந்து கடலடி வரையுள்ள தூரம். எடுத்துக்காட்டாக, உணரி நீர்மட்டத்துக்குக் கீழே 0.35 மீட்டரிலும் ஏராவின் அடி 1.45 மீட்டரிலும் இருந்தால், கருவியில் +0.35 என்று கொடுக்கும்போது மொத்த நீரின் ஆழமும், −1.10 என்று கொடுக்கும்போது ஏராவுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் நீரும் திரையில் தெரியும். நான் மொத்த ஆழத்தையே விரும்புகிறேன். கடல் வரைபடத்தில் உள்ள ஆழத்தோடு அப்போதைய ஓத உயரத்தைக் கூட்டினால் வரும் எண்ணோடு அதை நேரடியாக ஒப்பிடலாம். நங்கூரச் சங்கிலி எவ்வளவு விட வேண்டும் என்பதையும் அதிலிருந்தே கணக்கிடலாம். ஏராவுக்குக் கீழுள்ள நீரை விரும்புபவர்களும் பலர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைத் திரையின் அருகே எழுதி ஒட்டிவையுங்கள். மாற்றிப் புரிந்துகொண்ட துணை மாலுமி படகைத் தரைதட்ட வைத்துவிடுவார்.

திருத்திய அளவை ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் சரிபார்க்க வேண்டும். அலையற்ற நீரில், உறுதியான அடித்தரை உள்ள இடத்தில், உணரிக்கு நேர் பக்கத்தில் குண்டை இறக்குங்கள். சேற்றில் குண்டு புதைந்து அளவைக் கெடுக்கும்.

வேகத்தைத் திருத்துதல்

ஒவ்வொரு படகின் அடிவடிவமும் நீரோட்டத்தை வெவ்வேறாக வளைப்பதால், தொழிற்சாலையிலிருந்து வரும் வேகமானி எந்தப் படகிலும் அப்படியே சரியாக இருக்காது. காற்றில்லாத நாளில், இயந்திரத்தை மாறாத சுழற்சியில் வைத்து, நீரோட்டத்தின் திசையில் ஒருமுறையும் அதற்கு நேர் எதிரே ஒருமுறையும் ஓட்டி, இரு முறையும் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறிக்க வேண்டும். போகும்போது 4.8 நாட், வரும்போது 3.4 நாட் என்றால் நடு வேகம் 4.1. இரு முறையும் வேகமானி 3.8 காட்டியிருந்தால் திருத்த எண் 4.1ஐ 3.8ஆல் வகுத்த 1.08 ஆகும்.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நடு வேகம் காணக் கூடாது. ஒவ்வொரு கடல் மைலாகப் போய்வந்தால் மேற்சொன்ன ஓட்டங்களுக்கு 12.5 நிமிடமும் 17.6 நிமிடமும் ஆகும். அப்படி வகுத்தால் 3.98 நாட் என்றே வரும். எதிர்நீரோட்டத்தில் படகு கூடுதல் நேரம் இருப்பதால் விடை கீழே இழுபடுகிறது. இரண்டு வேகங்களைத் தனித்தனியே கண்டு அவற்றின் சராசரியையே எடுக்க வேண்டும். நீரோட்டம் மாறிக்கொண்டிருக்கும் நேரமானால், சம இடைவெளியில் மூன்று ஓட்டங்கள் எடுத்து, நடு ஓட்டத்தை இருமுறை கூட்டி நான்கால் வகுத்தால் பிழை பெரிதும் நீங்கும்.

சேர்ந்து கிடைக்கும் பயன்

திசைகாட்டி, நீர்வேகம், ஜி.பி.எஸ். ஆகிய மூன்றும் ஒரே பிணையத்தில் இருந்தால், நீரோட்டம் எந்தத் திசையில் எவ்வளவு ஓடுகிறது என்பதைத் திரையே கணக்கிட்டுவிடும். படகு நேர் கிழக்கே 5 நாட் நீர்வேகத்தில் செல்கிறது, ஜி.பி.எஸ். 107 டிகிரி திசையில் 5.2 நாட் காட்டுகிறது என்றால், காற்றால் பக்கவாட்டில் நழுவுவதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், தெற்கு நோக்கி ஒன்றரை நாட் நீரோட்டம் இருக்கிறது என்று பொருள். காற்றுமானியும் சேர்ந்தால் படகின் வேகத்தால் மாறித் தெரியும் காற்றிலிருந்து உண்மைக் காற்றையும் அதுவே பிரித்துத் தரும். நீர்வேகம் தவறாக இருந்தால் இந்த இரண்டு விடைகளும் தவறாகவே வரும். வேகத்தைத் திருத்தும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கழற்றிச் சுத்தம் செய்தல்

படகு மிதக்கும்போது உணரியைக் கழற்றுவது புதியவர்களுக்கு அச்சம் தரும். அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது: நீர்மட்டத்துக்கு 35 செ.மீ. கீழே 51 மி.மீ. துளை முழுவதும் திறந்திருந்தால் விநாடிக்குச் சுமார் 3 லிட்டர் நீர் உள்ளே வரும். நவீன கூடுகளில் உள்ள வால்வு இதைப் பெரிதும் குறைக்கிறது. ஆனால் முற்றாக அடைப்பதில்லை. ஆகவே படகு கரையில் இருக்கும்போதே கழற்றி மாட்டிப் பழகுங்கள். நீரில் செய்யும்போது, கிரீஸ் தடவிய மூடியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் உணரியை இழுத்து, உடனே மூடியைச் சொருகித் திருக வேண்டும். மரத்தக்கை ஒன்றையும் அருகில் கட்டி வைத்திருக்க வேண்டும்.

வெளியே எடுத்த சக்கரத்தை நன்னீரில் கழுவி, மென்மையான தூரிகையால் தேய்த்து, அச்சில் சிக்கிய பாசியை நீக்கினால் போதும். சக்கரத்தையோ அச்சையோ மாற்றினாலும், படகின் அடிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தாலும், வேகத் திருத்தத்தை மறுபடி செய்து, புதிய திருத்த எண்ணைத் தேதியோடு படகின் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.